காசிநாதன் வாசித்த கல்யாணி

"இன்னா இளங்கோ, எதனா விட்டுட்டுப் போயிட்டியா?"

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தம் வீட்டு மாடிக்கு ஏறி வந்தவரைப் பார்த்து ராஜகோபால் கேட்ட முதல் கேள்வி இது. வந்தவர் ஒன்றும் புது ஆள் இல்லை. பதினைந்து வருடமாக ஞாயிறு தவறாமல் அதே நேரத்துக்கு அதே படியேறியவர்தான். அன்றைக்கு ஒன்றுதான் குறைந்தது. தோளில் சிடிப் பை இல்லை.

"இல்ல சேர்மன். கேக்கத்தான் வந்தேன்" என்றார் இளங்கோவன்.

"கேக்கவா?" ராஜகோபாலுக்கு அது புரியச் சற்று நேரம் பிடித்தது. "சரி, உக்காரு."

எங்கே உட்காருவது? சோபாக்களில் வழக்கமான ஒன்பது பேர் நிறைந்திருந்தார்கள். சிடி பிளேயருக்குப் பக்கத்தில் இருந்த அவருடைய பிளாஸ்டிக் நாற்காலியைப் பிளேயரோடு சேர்த்து எடுத்துவிட்டிருந்தார்கள். அந்த மேசைமேல் இப்போது தேங்காய் அளவில் ஒரு உருண்டை ஸ்பீக்கர் உட்கார்ந்திருந்தது. மூலையில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ராஜகோபால் ஒரு காலத்தில் ஒன்றிய சேர்மன். பதவி போய் இருபது வருடம் ஆகிறது, பட்டம் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. தாமலில் நிலம், காஞ்சிபுரத்தில் அரிசி மில், மில்லுக்குப் பக்கத்திலேயே மாடி வீடு, மாடியில் ஞாயிற்றுக்கிழமை சங்கீதம். ஊரில் நாலு பெரிய மனிதர்கள் வந்து உட்கார்ந்து தோடி கேட்டால் வீட்டுக்கு ஒரு களை வரும் இல்லையா, அதற்காகத்தான் அந்தச் சங்கீதம்.

இளங்கோவனும் தாமல்காரர்தான். ஊர் ஒன்று, தெரு வேறு. அவருடைய அப்பா ராஜகோபாலின் குடும்ப நிலத்தில் கூலி வேலை செய்தவர். இளங்கோவன் காஞ்சிபுரம் சென்னை பஸ்ஸில் இருபத்தொன்பது வருடம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றார். சங்கீதத்தை அவருக்கு யாரும் கற்றுத்தரவில்லை. டீக்கடை ரேடியோவில் காதில் விழுந்தது, விழுந்தது ஒட்டிக்கொண்டது. சென்னையில் அடுத்த டிரிப்புக்கு மூன்று மணி நேரம் இருந்தால் மற்ற கண்டக்டர்கள் டிப்போவில் கால் நீட்டிப் படுப்பார்கள். இவர் சிடிக் கடைகளில் நிற்பார். பழைய கச்சேரிகளைச் சேர்த்து வைத்திருக்கிறவர்கள் வீட்டுக் கதவைத் தட்டுவார்.

அப்படிச் சேர்ந்தவற்றில் முந்நூற்றுப் பன்னிரண்டு தட்டுகள் எந்தக் கடையிலும் கிடைக்காதவை. கோயில் கச்சேரி, கல்யாணக் கச்சேரி, வானொலியில் ஒரே ஒரு முறை வந்து போனது, இவரே டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போய்ப் பதிவு செய்தது. எல்லாவற்றையும் சென்னையில் ஒரு கடையில் கொடுத்து சிடியாக மாற்றினார். தட்டின்மேல் எதுவும் எழுதியிருக்காது, வெறும் வெள்ளை. யார் வாசித்தது என்ற சீட்டு டப்பாவுக்குள் இருக்கும்.

ஞாயிறுதோறும் பத்துத் தட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு வருவார். பிளேயர் பக்கத்தில் எழுந்து நின்று, பாடுகிறவர் யார், பிடில் யார், எந்த ஊர்க் கச்சேரி, எந்த இடத்தில் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் போடுவார். பாதியில் காபி வரும். எல்லாரும் சோபாவிலேயே குடிப்பார்கள். இவர் தம்ளரை எடுத்துக்கொண்டு வெளியே மாடிப்படிக்குப் போய் நின்று குடிப்பார். போ என்று யாரும் சொன்னதில்லை. போகாதே என்றும் யாரும் சொன்னதில்லை.

போன புதன்கிழமை வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி வந்தது. "இனி சிடி தேவையில்லை. எல்லாம் ஆன்லைனிலேயே கேட்கலாம். இளங்கோவன் வீணாகப் பை சுமக்க வேண்டாம்." ஒன்பது பேர் அதற்குக் கை கூப்பியிருந்தார்கள்.

சுமை போனால் நல்லதுதானே, கையை வீசிக்கொண்டு போய்க் கேட்கலாம் என்று வந்தவரைப் பார்த்துத்தான் எதையாவது மறந்துவிட்டாயா என்று கேட்டாயிற்று.

ராஜகோபாலின் மகன் வசந்த் கைப்பேசியைத் தட்டினான். உருண்டை ஸ்பீக்கர் ஒரு வர்ணத்தைத் தொடங்கியது. சத்தம் நன்றாகவே இருந்தது. அதை இளங்கோவன் வயிற்றெரிச்சலோடு ஒப்புக்கொண்டார். அடுத்தது தோடி ஆலாபனை. பாடகர் படிப்படியாக மேலே ஏறி, வந்து நிற்கப்போகிற இடத்தில், "செங்கல்பட்டிலிருந்து இருபதே நிமிடத்தில் சொந்த மனை!" என்று ஒரு பெண்குரல் கூவியது. மனை விற்று முடிந்தபிறகு தோடி திரும்பி வரவில்லை. மங்களம் வந்தது.

மங்களம் பாடிவிட்டால் கச்சேரி முடிந்தது. அதற்குமேல் பாடுவதும் இல்லை, கேட்பதும் இல்லை. சங்கீதம் கேட்டுப் பழகிய உடம்புக்கு இது மூளையைக் கேட்காமலே தெரியும். பட்டுநூல் கடை மயில்வாகனம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கை கூப்பி எழுந்துவிட்டார். அவரைப் பார்த்து இன்னும் நான்கு பேர் எழுந்தார்கள். ஒருவர் செருப்பை மாட்டியே விட்டார். மணி பத்து இருபதுதான் ஆகியிருந்தது. மங்களம் முடிந்த கையோடு ஸ்பீக்கர் தடதடவென்று ஒரு மிருதங்கத் தனி ஆவர்த்தனத்தை ஆரம்பித்தது. எழுந்தவர்களுக்குப் போவதா உட்காருவதா தெரியவில்லை. மயில்வாகனம் கூப்பிய கையைப் பிரிக்கவும் இல்லை.

இளங்கோவன் சிரித்துவிட்டார். வாயைப் பொத்திப் பார்த்தார், அடங்கவில்லை.

"இன்னாத்துக்குச் சிரிக்கிற?" என்றார் ராஜகோபால்.

"ஒண்ணுமில்ல சேர்மன். கலச்சிக் கலச்சிப் போடுது. துட்டு கட்டாத ஆப்பு அப்பிடித்தான் போடும். மாசா மாசம் கட்டினா வரிசையா வரும், விளம்பரமும் வராது."

துட்டு கட்டாத என்ற சொல் ஒன்பது பேர் காதிலும் விழுந்தது. ராஜகோபாலின் முகம் சிவந்தது.

"இங்க பாரு. உன்ன இங்க யாரும் கூப்பிடல. வாட்ஸப்புல போட்டத பாத்த இல்ல?"

"பாத்தேன். சிடி வேணாம்னு போட்டிருந்தீங்க. என்ன வேணாம்னு போடலியே."

"சிடி வேணாம்னா இன்னா அர்த்தம்? நீ மெஷின் போட வந்தவன்தான? மெஷினே போயிடுச்சி."

"மெஷின் போட வந்தவனா? பதினஞ்சு வருசமா யாரு பாடுறாங்க, இன்னா ராகம்னு உங்களுக்கு நான்தான சொல்லிக்கினு இருந்தேன்?"

"சொன்ன. பஸ்ல நின்னுக்கினு ஊரு பேரக் கத்துறவனுக்கு அந்த ஊரு சொந்தமா?"

இளங்கோவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எத்தனை ஞாயிறு, எத்தனை ஆலாபனைக்கு இவர்களோடு சேர்ந்து தலையாட்டியிருக்கிறார். ஒருத்தராவது, அது என்ன பேச்சு சேர்மன் என்று கேட்பார் என்று எதிர்பார்த்தார். மயில்வாகனம் துண்டின் கரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். தானும் இவர்களைப்போல ஒரு ரசிகன், இந்தக் கூடத்தில் தனக்கும் ஓர் இடம் உண்டு என்று பதினைந்து வருடமாக நம்பிக்கொண்டிருந்தவருக்கு அந்த இடம் பிளேயருடையது என்பது அப்போதுதான் தெரிந்தது. வெட்கமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது.

கையில் மிச்சம் இருந்த ஒரே துருப்புச்சீட்டை இறக்கினார். "அந்த வெள்ளத் தட்டு முந்நூத்திப் பன்னண்டும் எந்த ஆப்புலயும் கெடைக்காது சேர்மன். என் வீட்டு அலமாரியில மட்டும்தான் இருக்குது. அது ஞாபகம் இருக்கட்டும்."

ராஜகோபால் முதல்முறையாகச் சிரித்தார். "வசந்த், சொல்றா."

வசந்துக்குச் சொல்லக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொன்னான். "எல்லாத்தயும் காப்பி பண்ணிட்டோம் அங்கிள். நீங்க படிக்கட்டுல காபி குடிக்கிற டைம்ல, வாரம் ஒண்ணு ரெண்டுன்னு. டப்பாவுல இருக்குற பேரப் பாத்துப் பேரு போட்டு, ஆப்புல சேனல் ஆரம்பிச்சி மொத்தமா ஏத்தியாச்சி. ராஜகோபால் இசைப் பெட்டகம்னு தேடுங்க, வரும்."

"உன் பையி எனக்கு எதுக்குடா இனிமே?" என்றார் ராஜகோபால்.

இளங்கோவன் படியிறங்கினார். கறிவேப்பிலையாகத் தூக்கிப் போட்டதுகூடப் பரவாயில்லை. காபி கொடுத்து வெளியே நிறுத்திவிட்டு உள்ளே திருடியிருக்கிறார்கள்.

தாமல் பஸ் பாலுசெட்டிச்சத்திரம் தாண்டும்போதுதான் அவருக்கு அது உறைத்தது. டப்பாவுல இருக்குற பேரப் பாத்துப் பேரு போட்டோம். பக்கத்துச் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும்படி வாய்விட்டுச் சிரித்தார்.

கண்டக்டர்கள் பெரிய நோட்டைப் பணப்பையில் வைக்கமாட்டார்கள். மடித்து வேறெங்காவது செருகிக்கொள்வார்கள். பையையே பறித்துக்கொண்டு ஓடினாலும் சில்லறைதான் போகும். பல வருடங்களுக்கு முன் அந்தக் கூடத்து ரசிகர் ஒருவர் அருமையான தட்டு ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு போய்த் திருப்பித் தரவே இல்லை. கேட்டால், கொடுத்துவிட்டேனே என்று சாதித்தார். அன்றைக்கே இளங்கோவன் வீட்டுக்கு வந்து, வெள்ளைத் தட்டுகளின் டப்பாக்களை எல்லாம் மாற்றிப் போட்டுவிட்டார். வாய்ப்பாட்டை வாய்ப்பாட்டோடும், நாகஸ்வரத்தை நாகஸ்வரத்தோடும். திறந்து கேட்டாலும் சட்டென்று சந்தேகம் வராது. ஒரு சீட்டில்கூட உள்ளே இருப்பவரின் பெயர் இல்லை. எந்த டப்பாவுக்குள் யார் என்பது அவர் ஞாபகத்தில் மட்டும்தான். திருடியவர்கள் திருடிய முந்நூற்றுப் பன்னிரண்டிலும் ஒரு பெயர்கூடச் சரியில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி மேரியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். மேரி அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சங்கீதத்தில் பெரிய ஈடுபாடு கிடையாது. ஆனால் பஸ்ஸில் ஊர் பேரைக் கத்துகிறவன் என்ற பேச்சுக்கு, அரிந்துகொண்டிருந்த கத்தரிக்காயைக் கீழே வைத்துவிட்டார். "அவன் மூஞ்சியில காபிய ஊத்திட்டு வந்திருக்கணும்" என்றார்.

அடுத்த மூன்று வாரம் இளங்கோவனுக்குத் திருவிழா. கைப்பேசியில் ஆப்பை இறக்கி, மாதச் சந்தாவும் கட்டி, பெட்டகத்தைத் திறந்து வைத்துக்கொண்டார். ஒவ்வொரு பதிவுக்கும் முன்னால் ராஜகோபாலின் முன்னுரை. "இப்போது நாம் கேட்கப்போவது செய்யாறு ராமராஜனின் நாகஸ்வரம். இவருடைய சீவாளி பேசும். மூன்றாவது நிமிடத்தில் ஒரு பிடி வரும், கவனியுங்கள்." இளங்கோவன் பிளேயர் பக்கத்தில் நின்று சொன்னதேதான், ஒரு எழுத்து மாறவில்லை. சொல்லைக்கூட விட்டுவைக்கவில்லை. மூன்றாவது நிமிடத்தில் எந்தப் பிடியும் வராது, ஏனென்றால் வாசிப்பது ராமராஜனே இல்லை. கீழே கமெண்டில், கேட்டவர்கள் கிழித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். ஐயா, உங்களுக்குக் காது இருக்கிறதா என்று ஒருவர். பெட்டகமா குப்பைத்தொட்டியா என்று இன்னொருவர். சங்கீத ரசிகர்களுக்குக் கோபம் வந்தால் ராகமெல்லாம் பார்க்கமாட்டார்கள். ஒவ்வொன்றையும் மேரிக்கு உரக்கப் படித்துக்காட்டினார்.

அப்படி ஒருநாள் காலை, ராமராஜன் பெயரில் இருந்த ஒரு கல்யாணியைத் தட்டினார். ராஜகோபாலின் உளறல் முடிந்து நாகஸ்வரம் எழுந்தது. முதல் மூச்சிலேயே இளங்கோவனுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

அது திருமுக்கூடல் காசிநாதன்.

காசிநாதனை வெளியூரில் யாருக்கும் தெரியாது. எந்தக் கம்பெனியும் அவரைப் பதிவு செய்யவில்லை. வானொலியில் கூப்பிட்டார்கள், போன அன்று அவருக்குக் காய்ச்சல். ஐம்பத்திரண்டு வயதில் செத்தும் போனார். தொண்ணூற்றாறாம் வருடம் சித்திரையில் திருமுக்கூடல் கோயில் வாசலில், ஒரு சாயங்காலம், நாற்பது பேர் முன்னால் நாற்பத்தெட்டு நிமிடம் கல்யாணி வாசித்தார். அந்த நாற்பது பேரில் இளங்கோவன் ஒருவர், மடியில் டேப் ரிக்கார்டர். அதற்குப் பிறகு எத்தனையோ கல்யாணி கேட்டுவிட்டார். அதற்குப் பக்கத்தில் ஒன்றும் நிற்கவில்லை. அந்த டேப் எப்போதோ பூஞ்சை பிடித்துப் போய்விட்டது. மிச்சம் ஒரு வெள்ளைத் தட்டு.

இந்தச் சனியன் வாயால் கேட்க வேண்டாம், நம் தட்டிலேயே கேட்போம் என்று அலமாரியைத் திறந்து எடுத்தார். பிளேயர் கர் கர் என்று இழுத்துவிட்டுத் தட்டு இல்லை என்று காட்டியது. துடைத்துப் போட்டார். அதே கதை. காஞ்சிபுரத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு எடுத்துக்கொண்டு ஓடினார். கடைக்காரர் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மேல்பூச்சு உரிந்து பொட்டுப் பொட்டாக வெளிச்சம் தெரிந்தது. "இதுல ஒண்ணும் இல்ல சார். எழுதுற சிடியெல்லாம் இவ்ளோ வருசம் வந்ததே பெருசு" என்றார்.

ஆக, உலகத்தில் காசிநாதனின் கல்யாணி இருந்த ஒரே இடம் ராஜகோபாலின் பெட்டகம். அதுவும் இன்னொருவர் பெயரில்.

மேரி அவர்மேலேயே கோபப்பட்டது அப்போதுதான். "அவன் மேல இருக்குற கோவத்துல நீ செத்துப்போன மனுசன் பேர மாத்திட்டு உக்காந்து சிரிச்சிக்கினு இருக்குற. அந்தாளு உனக்கு இன்னாய்யா பண்ணாரு? மொதல்ல அது யாருன்னு எழுது."

எழுதினார். "இது செய்யாறு ராமராஜன் அல்ல. திருமுக்கூடல் காசிநாதன். பதிவு செய்தது தாமல் இளங்கோவன்." ஒரு மணி நேரத்தில் அந்தக் கமெண்டைக் காணோம். திரும்ப எழுதினார், திரும்ப நீக்கினார்கள்.

சரி, பெயரை நீ வைத்துக்கொள், பாட்டு என்னிடம் இருக்கட்டும் என்று முடிவு செய்தார். பதிவுக்குப் பக்கத்தில் கீழ்நோக்கி ஒரு அம்புக்குறி இருந்தது. டவுன்லோட். தட்டினார். பச்சையாக ஒரு டிக் வந்தது. நெட்டை அணைத்துவிட்டுப் போட்டுப் பார்த்தார், பாடியது. வாங்கினால் வாங்கியவருக்குச் சொந்தம், இறக்கினால் இறக்கியவருக்குச் சொந்தம் என்றே முப்பது வருடம் சங்கீதம் கேட்டவர் அவர். காசிநாதன் சட்டைப்பைக்குள் பத்திரமாக வந்துவிட்டார் என்று மூன்று நாள் நிம்மதியாக இருந்தார்.

நான்காவது நாள், மதியம் மூன்று மணிக்கு, தெருமுனையில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. ராஜகோபால் இறங்கினார். அதே ஊரில் பிறந்து அறுபத்தாறு வயது ஆன மனிதர், அந்தத் தெருவுக்குள் ஓட்டுக் கேட்கத் தவிர வந்ததில்லை. பின்னால் வசந்த். மேரி இரண்டு நாற்காலிகளைத் துடைத்துப் போட்டு, காபி கொண்டுவந்து வைத்தார்.

"இப்பதான் குடிச்சிட்டு வந்தேன்" என்றார் ராஜகோபால், தம்ளரைப் பார்க்காமலே. "இளங்கோ, ராமராஜன் பையன் உதயகுமாரு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கான். அவன் அப்பா பேர்ல யாரோ வாசிச்சத போட்டுட்டமாம். இன்னும் ரெண்டு மூணு பேரு வேற கெளம்பியிருக்கானுங்க. இருபதாம் தேதி மெட்ராஸ்ல ஒரு சபாவுல எனக்கு இசைக் காவலர்னு பட்டம் குடுக்கிறாங்க. அதுக்குள்ள சரி பண்ணியாவணும். எந்தத் தட்டுல எது இருக்குதுன்னு நோட்டுல எழுதி வெச்சிருப்ப இல்ல? அத எடு."

"நோட்டெல்லாம் இல்ல சேர்மன்."

"அப்புறம் உனக்கு எப்பிடித் தெரியும்?"

"கேட்டா தெரியும்."

"முந்நூத்திப் பன்னண்டுமா?"

"ஆமா. உங்களுக்குத் தெரியலியா?"

இளங்கோவன் வசந்தின் கைப்பேசியை வாங்கி ஒரு பதிவை நடுவிலிருந்து ஓடவிட்டார். ஒரு பெண்குரல் காம்போதி பாடியது. "இது யாரு சொல்லுங்க. ஆறு மாசத்துக்கு முன்னாடி உங்க சோபாவுல உக்காந்து கண்ண மூடிக்கினு கேட்டீங்க. கடைசியில கண்ணுகூடத் தொடச்சீங்க."

ராஜகோபால் கேட்டார். மகனைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். கடைசியில் வெடித்தார். "யாரு பாடினா இன்னாய்யா? நல்லா இருக்குது இல்ல? அதோட வுடு."

இளங்கோவனுக்கு இந்த ஆளிடம் போய் ஓர் இடத்துக்காகப் பதினைந்து வருடம் நின்றோமே என்று இருந்தது.

"சொல்றேன்" என்றார். "எல்லாத்துக்கும் பேரு சொல்றேன். ஆனா ஒவ்வொண்ணுக்கும் கீழ, சேத்து வெச்சது, அடையாளம் சொன்னது தாமல் இளங்கோவன்னு போடணும். உங்க கொரல எடுத்துடணும். இருபதாம் தேதி மேடையிலயும் அத சொல்லணும்."

"என் பெட்டகத்துல உன் பேரா?"

"பெட்டகமே என்னுதுதான?"

"டேய்." ராஜகோபால் எழுந்தார், நாற்காலி பின்னால் சாய்ந்தது. "உங்கப்பன் எங்க களத்துல துண்ட இடுப்புல கட்டிக்கினு நின்னவன். அவன் புள்ள பேர நான் மெட்ராஸ் மேடையில ஏறிப் படிக்கணுமா?"

"எங்கப்பன் நின்னாரு. நான் நிக்கல. நீ திருடின, நான் சும்மா இருந்தேன். இப்ப வந்து என் வாசல்ல நிக்கிறது நீ."

வாழ்க்கையில் முதல்முறையாக அவரை நீ என்று சொல்லியிருந்தார். வசந்த் தலையைக் குனிந்துகொண்டான். ராஜகோபாலுக்கு வாய் கோணியது.

"வசந்த், எல்லாத்தயும் தூக்குடா. சேனலே வேணாம்."

"அப்பா, பட்டம்..."

"பட்டமும் வேணாம் மயிரும் வேணாம். இவன் பேரு என் வாயில வராது. தூக்கு."

"ஹார்ட் டிஸ்க்குலகூட இல்லப்பா. தங்கச்சி கல்யாண வீடியோ போடறதுக்காக அத அழிச்சிட்டோம். இதத் தூக்கினா எங்கயும் இருக்காது."

"தூக்குன்றேன்."

வசந்த் கைப்பேசியை எடுத்தான். சேனலை அடியோடு நீக்குவது நிச்சயம்தானா என்று அது கேட்டது. அதை அவன் இளங்கோவனிடம் திருப்பிக் காட்டினான். அவனுக்கே மனசு வரவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்பதுபோல நின்றான்.

"யோவ், பேரச் சொல்லிடுய்யா" என்றார் மேரி கதவருகில் இருந்து. "உன் பேரு வராட்டி போவுது."

இளங்கோவனின் கை சட்டைப்பைக்குப் போனது. கைப்பேசி அங்கே இருந்தது, அதற்குள் காசிநாதன் இருந்தார். இவன் அழித்துவிட்டால் இனி உலகத்திலேயே அது என்னிடம் மட்டும்தான் என்று நினைத்தார். கேட்க வேண்டுமென்றால் இந்த வாசலுக்குத்தான் வரவேண்டும். அந்த நினைப்பு அவருக்கு இனித்தது. அப்படி ஓர் இனிப்பை அவர் எந்த ராகத்திலும் கண்டதில்லை.

"தூக்குங்க" என்றார் சிரித்துக்கொண்டே.

வசந்த் தொட்டான். கார் கிளம்பிப் போயிற்று. மேரி ஆறிப்போன காபியை எடுத்துச் சாக்கடையில் ஊற்றினார்.

"இங்க வா, உக்காரு" என்று இளங்கோவன் அவரைக் கூப்பிட்டார். "இன்னிக்கி நீயும் கேளு. அவன் கொட்டம் அடங்கிச்சி. இனிமே இது நம்மளுது."

ஆப்பைத் திறந்தார். பெயர் இருந்தது, எழுத்து மட்டும் சாம்பல் நிறத்தில் மங்கியிருந்தது. தட்டினார். இந்தப் பதிவு இப்போது கிடைக்கவில்லை என்று வந்தது. நெட்டை அணைத்துவிட்டுத் தட்டினார். திரும்பப் போட்டுவிட்டுத் தட்டினார். பச்சை டிக்கையும் காணோம். கைப்பேசியையே அணைத்து மறுபடி உயிர்ப்பித்தார். இப்போது பெயரும் இல்லை.

வசந்துக்குப் போன் செய்தார். கார் ஓடுகிற இரைச்சல் கேட்டது.

"அங்கிள், ஆப்புல டவுன்லோட் பண்ணா அது ஃபோன்ல சேவ் ஆவாது. சும்மா நெட் இல்லாதப்ப கேக்கறதுக்கு. சேனல் இருக்குற வரைக்கும்தான் அதுவும் இருக்கும். உங்க கிட்ட சிடி இருக்குது இல்ல?"

"திரும்ப ஏத்துப்பா. ஒண்ணே ஒண்ணு. அந்தக் கல்யாணி மட்டும். என் பேரெல்லாம் வேணாம். உங்கப்பா பேரே இருக்கட்டும்."

"எதுலருந்து அங்கிள் ஏத்துறது?"

பின்னால் ராஜகோபாலின் குரல், யாருடா அது என்று கேட்டது. அழைப்பு நின்றது.

மேரி அவர் கையிலிருந்த கைப்பேசியைப் பார்த்தார். பிறகு, "வேற எங்கனா இருக்குதா?" என்று கேட்டார்.

"இல்ல."

"அப்ப ரெண்டு பேருமா சேர்ந்து அந்த மனுசன அடக்கம் பண்ணிட்டீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

இளங்கோவன் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். ராஜகோபாலைத் திட்டிப் பார்த்தார். வசந்தைத் திட்டினார், ஆப்பு செய்தவனைத் திட்டினார், மேல்பூச்சு உரிந்துபோன தட்டை விற்றவனைத் திட்டினார். எல்லாரும் திட்டத் தகுந்தவர்கள்தான். ஆனால் 'தூக்குங்க' என்று சொன்ன வாயை மட்டும் அவரால் யார் தலையிலும் கட்ட முடியவில்லை.